இண்டக்ஷன் அடுப்பைச் சொருகும் முன்: சமையலறைச் சாதனத்தின் மின்தேவையைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஒருநாள் காலை அம்மா வீட்டுச் சமையலறையில் மீன் வாடை அடித்தது. அம்மா மீன் வாங்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று செவ்வாய். பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். வாடை குறையவில்லை, கூடியது. மேடையில் புதிதாக வாங்கிய இண்டக்ஷன் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பிளக் சொருகியிருந்த வெள்ளை சாக்கெட்டின் ஓரம் காபி டிகாக்ஷன் சிந்தியதுபோலப் பழுத்திருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை இழுத்தால் வரவில்லை. உள்ளே உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்விட்ச் போர்டுகளில் பயன்படும் சில பிளாஸ்டிக் வகைகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இப்படித்தான் மீன் வாடை வரும். காரணமில்லாமல் வீட்டில் அந்த வாடை வந்தால் முதலில் ஸ்விட்ச் போர்டுகளைப் பாருங்கள்.

அடுப்பில் குறை எதுவும் இல்லை. அதன் பிளக் தடித்த பின்கள் கொண்ட 16 ஆம்ப் பிளக். மேடைக்குப் பக்கத்தில் இருந்ததோ மிக்ஸிக்காகப் போட்ட சின்ன சாக்கெட். கடையில் ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி இரண்டையும் சேர்த்துவிட்டோம். ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், போடவில்லை. அந்தக் கணக்கையும் அதைச் சுற்றியுள்ள மற்றக் கணக்குகளையும் இங்கே முழுதாகத் தருகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். கையில் ஒரு செல்போன், தாள், பேனா இருக்கட்டும்.

எதைக் கணக்கிடப் போகிறோம்

"இது எத்தனை வாட்?" என்று கேட்டுவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறோம். உண்மையில் ஒரு சாதனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஓடும்போது எத்தனை ஆம்ப், அதாவது எவ்வளவு கரண்ட், இழுக்கும் என்பது முதல் கேள்வி. வயர், சாக்கெட், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிளம்பும் நொடியில் எவ்வளவு இழுக்கும் என்பது இரண்டாவது. இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்பது மூன்றாவது, அது பில்லுக்கு. மூன்றுக்கும் விடை வேறு வேறு. 2000 வாட் அடுப்பு வயருக்குப் பெரிய சுமை, இன்வெர்ட்டருக்கு முடியவே முடியாத சுமை, ஆனால் பில்லில் நீங்கள் பயப்படும் அளவுக்கு வராமல் போகலாம். ஃபிரிட்ஜ் நேர்மாறு. வயருக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் 24 மணி நேரமும் பில்லில் உட்கார்ந்திருக்கும்.

படி 1: தகட்டைப் படியுங்கள், அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள்

ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு சின்ன ஸ்டிக்கரோ உலோகத் தகடோ இருக்கும். மிக்ஸியிலும் இண்டக்ஷன் அடுப்பிலும் அடியில், மைக்ரோவேவ் ஓவனில் பின்புறம் அல்லது கதவைத் திறந்தால் ஓரத்தில், ஃபிரிட்ஜில் உள்பக்கச் சுவரில் அல்லது பின்னால் கம்ப்ரஸர் பக்கம், கெட்டிலில் அடித்தட்டில். குனிந்து படிப்பதைவிடப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம். வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் ஆம்ப் நேரடியாகவே போட்டிருக்கும். அப்படியிருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

தகட்டைப் படிக்கும்போது வழுக்கும் இடங்கள் சில உண்டு. மைக்ரோவேவ் ஓவனை "800 வாட்" என்று சொல்லி விற்பார்கள். அது உணவுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1200, 1300 வாட். தகட்டில் 'இன்புட்' என்று போட்டிருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. ஹோட்டல்களிலும் மாவு விற்கும் கடைகளிலும் உள்ள பெரிய டில்டிங் கிரைண்டர்களில் வாட்டுக்குப் பதில் எச்.பி. (குதிரைத்திறன்) போட்டிருக்கும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆனால் அது மோட்டார் வெளியே தரும் வேலை, உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். இந்தக் கணக்கைப் படி 2-இல் பார்ப்போம்.

மிக்ஸித் தகட்டில் '30 நிமிடம்', அல்லது '5 நிமிடம் ஓட்டு, 2 நிமிடம் நிறுத்து' என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல என்று அதற்குப் பொருள். இட்லி மாவையே மிக்ஸியில் அரைக்கிறவர்கள் வீட்டில் மோட்டார் சீக்கிரம் புகைவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வெளிநாட்டிலிருந்து வந்த சாதனம் என்றால் வோல்டேஜை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கிருந்து மகனோ மகளோ அன்பாகக் கொண்டுவரும் காபி மேக்கரை இங்கே 230 வோல்ட்டில் சொருகினால் அதன் 'காயில்', அதாவது சூடாக்கும் கம்பிச்சுருள், சுமார் மூன்றரை மடங்கு சக்தியை இழுக்கும். 230-ஐ 120-ஆல் வகுத்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கினால் 3.67. சில நொடிகளில் கதை முடிந்துவிடும். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவை 230 வோல்ட் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே 3000 வாட் கெட்டில் சாதாரணம். அங்குள்ள சதுரப் பின் பிளக் 13 ஆம்ப் தாங்கும், அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸும் இருக்கும். அந்தக் கெட்டிலை அடாப்டர் போட்டு நம் சின்ன சாக்கெட்டில் சொருகினால் அம்மா வீட்டில் நடந்ததுதான் உங்கள் வீட்டிலும் நடக்கும்.

படி 2: வாட்டை ஆம்பாக மாற்றுங்கள்

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்ப். கணக்கு அவ்வளவுதான். மனக்கணக்குக்கு நான் வைத்திருக்கும் சூத்திரம்: ஆயிரம் வாட்டுக்கு நாலரை ஆம்ப். சரியாகப் பார்த்தால் 4.35. சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்: 2000 ÷ 230 = 8.7 ஆம்ப்.
கெட்டில் 1500 வாட்: 6.5 ஆம்ப்.
மைக்ரோவேவ் ஓவன், இன்புட் 1250 வாட்: 5.4 ஆம்ப்.
ரைஸ் குக்கர் 700 வாட்: 3 ஆம்ப்.
மிக்ஸி 750 வாட்: 3.3 ஆம்ப்.

சின்ன சாக்கெட் 6 ஆம்புக்கானது. 6 × 230 = 1380 வாட். பெரிய துளை உள்ள சாக்கெட் 16 ஆம்ப், அதாவது 3680 வாட். பழைய ஆட்கள் இவற்றை 5 ஆம்ப், 15 ஆம்ப் என்பார்கள். பெரியதைப் 'பவர் பிளக்' என்றும் சொல்வார்கள். மேலே உள்ள பட்டியலை இப்போது திரும்பப் பாருங்கள். அடுப்பும் கெட்டிலும் சின்ன சாக்கெட்டுக்கு ஆகாது. ஓவன் விளிம்பில் நிற்கிறது. அம்மா வீட்டில் 6 ஆம்ப் இடத்தில் 8.7 ஆம்ப் ஓடியிருக்கிறது, அதுவும் தினமும் ஒரு மணி நேரம்.

வெறும் சூடாக்கும் காயில் உள்ள சாதனங்களுக்கு இந்த வகுத்தல் அப்படியே பொருந்தும். கெட்டில், குக்கர், டோஸ்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் இதில் அடங்கும். மோட்டார் உள்ளவற்றுக்கு 'பவர் ஃபேக்டர்' என்ற ஒன்று குறுக்கே வரும். மோட்டார் வயரில் ஓட்டும் கரண்ட் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஒரு பகுதி காந்தப்புலத்தை உண்டாக்கப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். வாட் மீட்டர் அதை எண்ணாது, ஆனால் வயர் அதைச் சுமந்தாக வேண்டும். தோராயமாக 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை எச்.பி. டில்டிங் கிரைண்டரைப் பார்ப்போம். வெளியே தரும் வேலை 373 வாட். இப்படிப்பட்ட சின்ன மோட்டாரின் திறன் 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆக, இழுப்பது 600 வாட்டுக்குச் சற்று மேல். அதை 230 × 0.7, அதாவது 161-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4 ஆம்ப். எச்.பி.யை நேரடியாக வகுத்தால் 1.6 என்றுதான் வந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சிறுதொழிலாக மாவு அரைத்து விற்கத் தொடங்கும் பெண்கள் பலர் வீட்டு மிக்ஸி பாயிண்டிலேயே இந்தக் கிரைண்டரையும் போடுகிறார்கள். அவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அப்புறம் வோல்டேஜ். சாயங்காலம் ஏழு மணிக்குப் பல ஊர்களில் 230 இருக்காது. 200-க்கு இறங்கிவிட்டால் காயில் உள்ள கெட்டில் 1500 வாட்டுக்குப் பதில் 1130 வாட்தான் தரும்; தண்ணீர் மெதுவாகக் கொதிக்கும், வயருக்குச் சுமையும் குறையும். ஆனால் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள இண்டக்ஷன் அடுப்புகளில் பல, வோல்டேஜ் குறைந்தாலும் அதே சக்தியைத் தரப் பார்க்கும். அப்போது 2000 ÷ 200 = 10 ஆம்ப். வோல்டேஜ் குறைந்தால் எல்லாமே குறையும் என்று நினைத்துக்கொள்ள முடியாது.

படி 3: சுவருக்குள் என்ன இருக்கிறது

சாக்கெட் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் ஓடும் வயரின் தடிமன்தான் முக்கியம். 16 ஆம்ப் சாக்கெட்டைப் போட்டுவிட்டு அதற்கு லைட் பாயிண்டிலிருந்து 1 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்துக் கொடுத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்வைக்குப் பவர் பிளக், உள்ளே லைட் வயர்.

பைப்புக்குள் போகும் செம்பு வயர் தோராயமாக இவ்வளவு தாங்கும்: 1 ஸ்கொயர் 11 ஆம்ப், 1.5 ஸ்கொயர் 13 ஆம்ப், 2.5 ஸ்கொயர் 18 ஆம்ப், 4 ஸ்கொயர் 24 ஆம்ப். ஒரே பைப்பில் பல வயர்கள் நெருக்கமாகப் போனால், அல்லது வெயிலில் காயும் மொட்டைமாடிச் சுவரோரம் போனால் இதிலும் குறையும். எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாக லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5, சாதாரணப் பிளக் பாயிண்டுக்கு 2.5, பவர் பிளக்குக்கு 4 என்று போடுவார்கள். இந்த வழக்கம் நல்ல வழக்கம், மிச்சம் பிடிக்க நினைத்து இதில் கை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் '3/20', '7/20' என்ற கணக்கு காதில் விழும். மூன்று இழை அல்லது ஏழு இழை, 20 கேஜ் கம்பி என்று பொருள். 3/20 ஏறக்குறைய 2 ஸ்கொயர், 7/20 ஏறக்குறைய 4.5 ஸ்கொயர். இன்னும் பழைய வீடுகளில் அலுமினிய வயரே இருக்கலாம். அது அதே தடிமனுள்ள செம்பைவிடக் குறைவாகத் தாங்கும், இணைப்புகளில் தளர்ந்தும் போகும். அப்படிப்பட்ட வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் முன் வயரிங்கை மாற்றுவதுதான் முறை.

வயரின் அளவை அதன் மேல்தோலிலேயே அச்சிட்டிருப்பார்கள். போர்டைத் திறந்தால் தெரியும். ஆனால் மெயினை அணைக்காமல் திறக்கக் கூடாது. பழக்கமில்லை என்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு "இந்தப் பாயிண்டுக்கு எத்தனை ஸ்கொயர் வயர் வருகிறது, டிபி பாக்ஸிலிருந்து தனியாக வருகிறதா, வேறு பாயிண்டிலிருந்து லூப் ஆகி வருகிறதா?" என்று கேளுங்கள். டிபி பாக்ஸ் என்பது எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தால் போதும்.

எம்.சி.பி. இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 16 ஆம்ப் எம்.சி.பி., 16-ஐத் தாண்டியதும் உடனே விழாது. வீட்டு எம்.சி.பி.களுக்கான தரவிதிப்படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்ப் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை அது விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்ப் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இடைப்பட்ட அந்த நேரம் முழுவதும் வயர் சூடாகிக்கொண்டிருக்கும். எம்.சி.பி. வயரைக் காப்பதற்குத்தான், அதுவும் வயருக்குப் பொருத்தமான அளவில் போட்டிருந்தால்தான். "அடிக்கடி டிரிப் ஆகிறது, பெரிய எம்.சி.பி. போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பது, காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போலத்தான்.

அம்மா வீட்டில் எம்.சி.பி. விழவே இல்லை. ஏன் என்று பிறகு புரிந்தது. அங்கே ஓடியது 8.7 ஆம்ப், எம்.சி.பி. 16. அதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. சிக்கல் இருந்தது தொடர்பில். கன்வர்ஷன் பிளக்கின் பின்னும் சாக்கெட்டுக்குள் உள்ள பித்தளைப் பிடியும் சரியாகக் கவ்வவில்லை. அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே போதும்: 9 × 9 × 0.5 = 40 வாட். ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே கிடைக்கிறது. அதைவிடப் பெரிய ஒன்றைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்து தினமும் ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறோம். இந்தச் சூட்டை எந்த எம்.சி.பி.யாலும் பார்க்க முடியாது. கன்வர்ஷன் பிளக், மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதிலும் சூடாக்கும் சாதனத்தைப் போடக் கூடாது என்று எலக்ட்ரீஷியன்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எர்த் பற்றியும் ஒரு வரி. மூன்றாவது பின்னை வெட்டிவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ கிரைண்டரை ஓட்டாதீர்கள். ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்த இடம் அது. டிபி பாக்ஸில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைப் போடுங்கள்.

படி 4: எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால்

தாளில் காலை ஆறிலிருந்து எட்டரை வரை அரை மணிக்கு ஒரு கோடு போட்டு, எந்தெந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏழு மணிக் கோட்டில் கூட்டம் அதிகமாக இருக்கும். அடுப்பு 2000, மிக்ஸி 750, கெட்டில் 1500, ஃபிரிட்ஜ் 150, குளியலறையில் கீசர் 2000. மொத்தம் 6400 வாட், கிட்டத்தட்ட 28 ஆம்ப். சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு இது பெரிய சுமை.

இந்த மொத்தத்தை இரண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். ஒன்று, மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு. அது இணைப்பு ஆவணத்தில் கிலோவாட்டில் இருக்கும். அதைத் தாண்டுகிறீர்கள் என்றால் மின்வாரியத்தில் மின்பளுவைக் கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். மற்றொன்று, சமையலறைக்கு மட்டும் வரும் வயர். பல வீடுகளில் சமையலறையின் மூன்று பிளக்குகளும் ஒரே 2.5 ஸ்கொயர் வயரில்தான் தொங்குகின்றன. அடுப்பு, மிக்ஸி, கெட்டில் மூன்றும் சேர்ந்தால் 4250 வாட், 18.5 ஆம்ப். அந்த வயர் தாங்கும் அளவு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. காசு செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு: அடுப்பு ஓடும்போது கெட்டிலைப் போடாமல் இருப்பது. என் தங்கை வீட்டில் கெட்டிலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சீட்டே ஒட்டி வைத்திருக்கிறாள்.

படி 5: கிளம்பும் நொடி

நின்ற மோட்டாரைச் சுழல வைக்க, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜ் ஓடும்போது 100, 150 வாட்தான். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் ஐந்து மடங்குக்கு மேல் இழுக்கும். வீட்டில் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டுவது அப்போதுதான். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புது ஃபிரிட்ஜ்கள் மெதுவாகக் கிளம்பும், இந்த உதைப்பு அவற்றில் மிகக் குறைவு.

சுவர் மின்சாரத்தில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பவர் கட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டரில்தான் இது பிரச்சினை. 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்ப்) என்று போட்டிருந்தால் 0.8-ஆல் பெருக்குங்கள், 720 வாட் வரும். லைட், ஃபேன் போக மிச்சம்தான் சமையலறைக்கு. இண்டக்ஷன் அடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. 750 வாட் மிக்ஸி கணக்கிலேயே தாண்டிவிட்டது. டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் என்பதால் இடம் இருக்கிறது, ஆனால் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அதன் மோட்டார் உறுமும், சூடாகும். சுவர் மின்சாரம் போலச் சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். மாவு இறுகிய நிலையில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பாதீர்கள். கல்லை முதலில் சுழலவிட்டு, அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

படி 6: மீட்டரிடம் கேளுங்கள்

தகடு சொல்வது உச்ச அளவு. உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை வீட்டு மீட்டரே சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான்.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 என்பதுபோல ஒரு எண்ணும், 'இம்ப்' என்று தொடங்கும் ஒரு குறியும் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று பொருள். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 3200-ஆல் வகுத்தால் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள், ஃபிரிட்ஜையும் சேர்த்து. வைஃபை, டிவி ஸ்டாண்ட்பை எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அதையும். விளக்கு சிமிட்டுவது நின்றுவிட வேண்டும். இப்போது உள்ளே ஒருவர் அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து உச்ச அளவில் போடட்டும். வெளியே நீங்கள் போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, ஒரு சிமிட்டலில் தொடங்கி அடுத்த 20 சிமிட்டல்களை எண்ணுங்கள். கண் தடுமாறினால் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் 20 சிமிட்டலுக்கு 12 நொடி ஆனது. 20 × 1125 = 22,500; அதை 12-ஆல் வகுத்தால் 1875 வாட். தகட்டில் 2000. இது நியாயமான வித்தியாசம்.

அதே அடுப்பைக் குறைந்த அளவில் வைத்து எண்ணிப் பாருங்கள். சில நொடி வேகமாகச் சிமிட்டும், பிறகு அப்படியே நிற்கும், மறுபடி சிமிட்டும். குறைந்த சூட்டைப் பல அடுப்புகள் இப்படி விட்டு விட்டுத்தான் தருகின்றன. இதற்கு இரண்டு நிமிடமாவது எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். ஆனால் வயரைப் பொறுத்தவரை, அடுப்பு சூடு தரும் நொடியில் ஓடும் ஆம்புக்கு ஏற்றதுதான் வேண்டும். சராசரி குறைவாக இருக்கிறது என்று சின்ன சாக்கெட்டுக்குப் போய்விடக் கூடாது.

படி 7: யூனிட் கணக்கு

வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட், 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். பத்து முறை மாவாட்டினால்தான் ஒரு யூனிட்! மிக்ஸி 750 வாட்டில் 10 நிமிடம் ஓடினாலும் 0.125 யூனிட்தான். "கிரைண்டர் ஓட்டாதே, கரண்ட் பில் ஏறும்" என்று மருமகளைத் திட்டும் மாமியார்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

கெட்டிலுக்கு வேறு வழியிலும் கணக்கு வரும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வேண்டும், அதாவது 0.08 யூனிட். சூடு வெளியே போவதையும் சேர்த்து 0.09 என்று வையுங்கள். 1000 வாட் கெட்டிலாக இருந்தாலும் 1500 வாட் கெட்டிலாக இருந்தாலும் யூனிட் ஏறக்குறைய இதேதான். வாட் கூடினால் நேரம் குறையும். அதனால் "குறைந்த வாட் கெட்டில் பில்லை மிச்சப்படுத்தும்" என்ற நினைப்பு சரியல்ல. கொதிக்க வைக்கும் தண்ணீரைக் குறைத்தால்தான் மிச்சம்.

ஃபிரிட்ஜுக்கு வாட்டை வைத்துப் போடாதீர்கள், அது விட்டு விட்டு ஓடும். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 200 என்று இருந்தால் ஆறால் வகுத்தால் இரண்டு மாத பில்லுக்கு 33 யூனிட். அடிக்கடி திறந்தால், சுவரை ஒட்டி வைத்தால் கூடும்.

இனி அடுப்பு. தினமும் ஒரு மணி நேரம், சராசரி 1400 வாட் என்றால் 60 நாளுக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஆனால் அந்த இலவச யூனிட் பெரும்பாலும் ஏற்கெனவே ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போயிருக்கும். ஆகவே இந்த 84 யூனிட்டும் உங்கள் மொத்தப் பயன்பாட்டின் மேல்தட்டில்தான் போய் உட்காரும். உங்கள் கடைசி பில்லில் எந்த விலைப்படியில் முடிந்திருக்கிறீர்களோ, அந்தப் படியின் விலையால்தான் பெருக்க வேண்டும். சராசரி விலையால் அல்ல. இந்த 84 உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

காஸோடு ஒப்பிட நான் போட்ட கணக்கு இது. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட்டுக்குச் சமம். காஸ் அடுப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பாத்திரத்துக்குத் தரும். இண்டக்ஷன் 85 சதவீதம் தரும் என்று வைத்தால், ஒரு சிலிண்டருக்கு ஈடு 140 யூனிட். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 140-ஆல் வகுங்கள். வரும் எண் உங்கள் விலைப்படியின் யூனிட் விலையைவிட அதிகமாக இருந்தால் இண்டக்ஷன் லாபம், குறைவாக இருந்தால் காஸ் லாபம்.

படி 8: கை வைத்துப் பாருங்கள்

கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. புதுச் சாதனத்தை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, கை உலர்ந்திருக்கும்போது பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். பின்னைத் தொட வேண்டாம், சூடாக இருந்தால் சுட்டுவிடும். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, அல்லது அதற்குப் பின்னால் திருகு சரியாக முறுக்கப்படவில்லை. பின்னில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே தீப்பொறி அடிக்கிறது. அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை அதில் எதையும் போடாதீர்கள்.

அம்மா வீட்டில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து டிபி பாக்ஸிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் வயர் இழுத்து, அதற்கென்று ஒரு 16 ஆம்ப் எம்.சி.பி. வைத்து, மேடைக்கு ஒரு முழம் தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் பெரிய சாக்கெட் போட்டுக் கொடுத்தார். அரை நாள் வேலை. முதல் நாள் பால் காய்ச்சி இறக்கியதும் அம்மா பிளக்கை உருவிப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற அதே கை. "சுடலை" என்றாள்.